உங்க ஆளும் எங்க ஆளும்

மனிதரில் ஓர் இனம் உண்டு. நடந்த சண்டை இவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. நடக்கவே முடியாத சண்டைதான் உயிர். ஒருவர் ஓய்வுபெற்ற பிறகு இன்னொருவர் வந்தார் என்று தெரிந்தால் போதும், இருவரையும் ஒரே வயதில், ஒரே மேடையில் இழுத்துவந்து நிறுத்தி, மணியையும் தாங்களே அடித்து, ஒருவரைக் குப்புறக் கவிழ்த்த பிறகுதான் ஆறிப்போன டீயைத் தொடுவார்கள். இவர்களுக்கு 'மோதவிடுவோர்' என்று பெயர் வைப்போம். பார்த்திருப்பீர்களே?

வைத்திக்குப்பத்து இருசப்பன் இந்த இனத்தில் முதல் தரம். படகுகளுக்கு ஐஸ் போடுவது தொழில். குத்துச்சண்டைக் கையுறையைக் கையால் தொட்டதில்லை. கொசுவை அடிக்கக்கூட மட்டையைத் தேடுகிறவர். ஆனால் மாலையில் வண்டிகளைத் தடுத்து நடப்பவர்களுக்கு விட்டதும் கடற்கரைச் சாலையில் இறங்கி, "டைசன் மட்டும் இருவது வயசுல அலியப் புடிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தார் என்றால் இடது கை ஒரு பக்கம், வலது கை ஒரு பக்கம் பறக்கும். வாக்கிங் வருகிறவர்கள் எல்லாம் விலகி நடப்பார்கள். வீட்டிலும் இதேதான். வஞ்சிர மீனும் கொடுவா மீனும் மோதினால் எது ஜெயிக்கும் என்று தீர்ப்புச் சொல்லாமல் சோற்றில் கை வைக்கமாட்டார். பேசினால் என்ன கெட்டுப்போகிறது என்கிறீர்களா?

கெட்டுப்போனது. மகன் எழிலரசனுக்குக் கடலூரில் பார்த்த இடம் அப்படித்தான் போனது. பெண்ணின் தாய்மாமனுக்கு டைசனின் குத்தை விளக்கிக் காட்டும்போது, மூக்குக்கு முன்னால் நிற்க வேண்டிய கை நிற்கவில்லை.

அதனால்தான் இன்று சாரத்தில், அடுத்துப் பார்த்த பெண்ணின் வீட்டு வாசலில், ஆட்டோவை விட்டு இறங்கியதுமே மனைவி தனக்கொடி புருஷனின் சட்டையைப் பிடித்தாள்.

"தோ பாரு, புள்ளைக்கு இந்தப் பொண்ணத்தான் புடிச்சிருக்கு. ரெண்டு மாசமா போன்ல பேசிக்கினு இருக்குதுங்க. தட்டு மாத்தறவரைக்கும் நீ சாப்பிடறதுக்கு மட்டும்தான் வாயத் தொறக்கணும்."

"நான் இன்னா பேசப்போறேன்?" என்றார் இருசப்பன், மெய்யாகவே அப்படி நம்பிக்கொண்டு.

மகனோடு உள்ளே போனார். உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில், ஆளுயரத்துக்கு, முகமது அலி.

பாவம், மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். கேசரியைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். பெண்ணின் அப்பா அரிகிருஷ்ணன் சும்மா இருந்திருக்கலாம். இருப்பாரா? அவரும் அதே இனம்!

"பாக்சிங் பாப்பீங்களா?"

"எப்பயாச்சும்," என்றார் இருசப்பன்.

"இவரு மாதிரி இனிமே எவன் பொறக்கப்போறான்? பின்னால வந்தானே டைசன், இவருகிட்ட மூணு ரவுண்டு தாங்கியிருப்பானா?"

அவ்வளவுதான். கேசரித் தட்டு ஓரமாகப் போனது. அடுக்களையில் பெண்ணின் அம்மா ராஜாம்பாளும் தனக்கொடியும் பஜ்ஜி எடுத்துவைத்துக்கொண்டிருக்க, கூடத்திலிருந்து குரல்கள் மட்டும் வந்தன.

"உங்க ஆளுக்கு வாய்தாங்க நீளம்!" இருசப்பனின் குரல்.

ராஜாம்பாளின் கை நின்றது. தன் மகள் கவிநிலாவைப் பற்றியா பேச்சு?

"ஒரு எடத்துல நிக்காம ஆடிக்கினே இருந்தா ஆச்சா? எங்க ஆளு வச்சா ஒரே குத்து. எழுந்திரிக்கவே முடியாது!"

பஜ்ஜித் தட்டு தடாலென்று கீழே வைக்கப்பட்டது. அப்போது அரிகிருஷ்ணனின் குரல், தெரு வரைக்கும் கேட்கும்படி:

"உங்க ஆளப் பத்தி எனக்குத் தெரியாதா? காதக் கடிச்சவன்தானே! ஒண்ணு இல்ல, ரெண்டு காதையும் கடிச்சவன்தானே! ஒலகமே பாத்துச்சே!"

ராஜாம்பாள் கூடத்துக்குப் பாய்ந்து வந்து, பூவும் பழமும் வைத்திருந்த தாம்பாளத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "காதக் கடிக்கிறவனுக்கு எம்பொண்ணக் குடுக்கமாட்டேன்!"

"எம்புள்ள யாரு காதக் கடிச்சான்?" என்று பின்னாலேயே ஓடிவந்தாள் தனக்கொடி.

"ஹோலிஃபீல்டு காத!" என்றார் அரிகிருஷ்ணன், சூடு தணியாமல்.

"அது எந்தூரு ஆளு?" என்றாள் ராஜாம்பாள்.

எல்லோரும் எழிலரசனின் பல்லைப் பார்த்தார்கள். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன், சாதுப் பிள்ளை. பல்லை மூடிக்கொண்டான். கவிநிலாதான் அறையிலிருந்து வெளியே வந்து, "அம்மா, அது இவரு இல்ல. டைசன். பாக்சிங்கு!" என்று விளக்கினாள். ராஜாம்பாளின் கோபம் தணிந்தது. ஆனால் தாம்பாளம் இடுப்பை விட்டு இறங்கவில்லை. ஏனென்றால் அரிகிருஷ்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"அலிதான் ஜெயிப்பாருன்னு அவரு வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். இப்பவே தட்டு மாத்திக்கலாம்."

இருசப்பன் மகனைப் பார்த்தார். எழிலரசனோ கவிநிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெற்ற வயிறு மட்டுமா எரியும்? வளர்த்த தகப்பனுக்கும் நெஞ்சு வலித்தது. முப்பது வருடக் கட்சி! யாருக்கும் விட்டுக்கொடுக்காத கட்சி! கண்ணில் நீர் முட்ட, மெல்லச் சொன்னார்:

"பதினஞ்சு ரவுண்டு போனா... உங்க ஆளுதான் ஜெயிப்பாரு."

அரிகிருஷ்ணன் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டார். "சம்பந்தி!" தட்டு மாறியது. தனக்கொடி புருஷனைப் பெருமையோடு பார்த்தாள், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக.

தாம்பாளம் தன் கைக்கு வந்து, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்ட பிறகு, வாசற்படியில் நின்று இருசப்பன் திரும்பினார்.

"ஆனா சண்ட பதினஞ்சு ரவுண்டு போவாதே! ரெண்டாவது ரவுண்டு தாண்டாதே!"

ஆட்டோ கிளம்பிவிட்டது. அரிகிருஷ்ணன் வெறுங்காலோடு தெருமுனை வரை துரத்திக்கொண்டு ஓடியதாகக் கேள்வி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். கல்யாணம் என்றைக்கு என்று நான் இன்னும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அலியா டைசனா என்பதை மட்டும் நடுவிலேயே மனதுக்குள் முடிவு செய்துவிட்டீர்கள், இல்லையா? பரவாயில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் மட்டும் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.