வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு

டிவிக்காரப் பெண் மைக்கைக் கீழே இறக்கிய பிறகுதான், தான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்பது ஆசிரியர் முன்ஸிஃபுக்கு உறைத்தது.

கெய்ரோ நகர மையத்தில் ஒரு பழைய தியேட்டர் வாசல். மதியக் காட்சி விட்டு வந்த கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தது. படத்தின் பெயர் 'இரண்டாவது நாற்காலி'. விட்டுப்போன காதலிக்காக ஒருவன் பதினொரு வருஷம், தினமும் காலையில் பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டு, இரண்டு கோப்பைத் தேநீர் ஊற்றி வைத்துக் காத்திருக்கிற கதை. விருதுக் காலம் வேறு. மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் விருதுக்கு இந்தப் படம்தான் முன்னால் நின்றது. கோஷரி சாதம் விற்கும் கடை வரிசையில்கூட, அவன் காத்திருந்தது காதலா கிறுக்கா என்றுதான் பேச்சு.

கூட்டத்தில் எல்லோரும் அழுத குரலில் ஒரே மாதிரி கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மைக் முன்ஸிஃபிடம் வந்தது. அரசுப் பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருஷமாகப் புவியியல் சொல்லித் தருபவர். நாற்பது பேர் தன் முகத்தைப் பார்த்தால் ஏதாவது சொல்லாமல் இருக்க முடியாது அவரால்.

"பதினொரு வருஷம் காத்திருந்தான்னா, அவளோட பதினொரு நாள்கூட அவன் குடும்பம் நடத்தலைன்னு அர்த்தம்" என்றார். "என் வீட்டம்மா கிளம்பிப் போனா நான் நாற்காலியெல்லாம் போட மாட்டேன். பூட்டை மாத்திடுவேன்."

அழுதுகொண்டிருந்த கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. முன்ஸிஃபுக்கு ஒரு நிமிஷம் உடம்பு லேசானது. மறு நிமிஷம் மனைவி தஹானியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

அவர் செய்தது ஒரு குற்றமல்ல, இரண்டு. இந்தப் படத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லி தஹானி மூன்று முறை கேட்டிருந்தாள். மூட்டு வலி, பரீட்சைத் தாள், தியேட்டரில் குளிர் என்று மூன்று முறையும் தட்டிக் கழித்திருந்தார். போன வாரம் முதல் அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். இன்றைக்குச் சக ஆசிரியர் ஒருவர் ஓசி டிக்கெட்டை நீட்டவும், பள்ளியில் கூட்டம் என்று வீட்டுக்குப் போன் பண்ணிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

எப்போதோ ஒரு முறை, மைத்துனி வீட்டு முலுக்கியா கீரை நம் வீட்டுக் கீரையைவிட நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்கு, தஹானி தாந்தாவில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் நாற்பது நாள் வரவில்லை. வெறும் கீரைக்கே நாற்பது நாள்.

கருவிகளைக் கட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் பின்னால் ஓடினார். தான் பேசியதை எடுத்துவிட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். இவ்வளவு நேரத்தில் உருப்படியாகப் பேசியது நீங்கள் ஒருவர்தான், வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி நிகழ்ச்சியில் முதலில் உங்களைத்தான் போடச் சொல்லப் போகிறேன் என்றாள்.

அப்படியானால் மனைவியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். விளக்கை மறுபடி போட்டார்கள். வியர்வை கண்ணில் இறங்கியது.

"என் வீட்டம்மா அந்த மாதிரி விட்டுட்டு ஓடற ஆளே இல்லை" என்று ஆரம்பித்தவர், ஆதாரம் ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று தேடினார். "எங்க ஓடுவா? ரெண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது."

இது இன்னும் பிரமாதம் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

அது புதன்கிழமை. வியாழக்கிழமை மதியம், தஹானி கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில், முன்ஸிஃப் மொட்டை மாடிக்குப் போனார். அங்கே முப்பது டிஷ் ஒரே திசையில் வானத்தைப் பார்த்து நின்றன. அதில் எது தன்னுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. துருப்பிடித்திருந்த ஒன்றைப் பார்த்து, நம்முடையதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, தன் பலத்தையெல்லாம் சேர்த்துத் திருகினார். அது கழுத்தை முறித்துக்கொண்டு கீழே சாய்ந்தது. சாயும்போது பக்கத்தில் இருந்த இன்னொன்றை இடித்தது.

இறங்கி வந்து டிவியைப் போட்டுப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் இவ்வளவு தெளிவாகப் படம் தெரிந்ததில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது கதவு தட்டப்பட்டது. மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற கர்னல் ரஊஃப். மாடியில் எந்தக் கழுதையோ தன் டிஷ்ஷை உடைத்துப் போட்டிருக்கிறது, ஆளைக் கண்டுபிடித்தால் அவனையே அந்தக் கம்பத்தில் நட்டு வைப்பேன் என்றார். முன்ஸிஃபும் அந்தக் கழுதையைத் திட்டினார். அதன் பிறகு கர்னல் வந்த விஷயத்துக்கு வந்தார். படத்துக்கு அவரும் ஓட்டுப் போட்டிருக்கிறார். ஏழு மணிக்கு மக்கள் கருத்துகளை ஒளிபரப்புகிறார்கள். இங்கே வந்து பார்க்கட்டுமா?

முன்ஸிஃபின் கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது.

"நாங்க ஏழு மணிக்கு வீட்டுல இருக்க மாட்டோம் கர்னல். ஷுப்ராவுல மைத்துனி வீட்டுக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டு, தஹானி என்ன கேட்கப் போகிறாளோ என்று மெல்லத் திரும்பினார்.

"ஆமா, ஆறு மணிக்கே கிளம்பறோம்" என்றாள் தஹானி.

வாரக் கணக்கில் திட்டம் போட்டதுபோல் சொன்னாள். தன்னைக் கர்னலின் முன்னால் காட்டிக்கொடுக்காமல் ஈடுகொடுத்த மனைவியைப் பார்த்து முன்ஸிஃபுக்கு நெஞ்சு கரைந்தது. கூடவே பயமும் அதிகமானது. இவ்வளவு நல்ல நிலையில் இருக்கும்போதா அந்த நிகழ்ச்சி வர வேண்டும்?

அன்று பகல் முழுவதும் அவர் டிவி பக்கமே போகவில்லை. தஹானியும் போடச் சொல்லவில்லை.

மைத்துனி இப்திஹால் வீட்டுக் கதவு திறந்ததும் முன்ஸிஃபுக்கு முதலில் தெரிந்தது ஒரு சுவர் அகலத்துக்கு இருந்த புது டிவி. அதன் முன்னால் பதினைந்து நாற்காலி. இப்திஹால் தன் தெருவில் பாதிப் பேரைக் கூப்பிட்டு வைத்திருந்தாள். எல்லோரும் இந்தப் படத்தின் கட்சி. நல்ல வேளை, நீங்களும் வந்தீர்கள் என்று சொல்லி, முன்ஸிஃபை முன் வரிசையில், நடுவில் உட்கார வைத்தாள். மணி ஆறு நாற்பது.

பக்கத்தில் ஒரு பெரியம்மா, அந்தப் பையன் மாதிரி ஒரு ஆண்பிள்ளை இந்த ஊரில் உண்டா என்று அவரைப் பார்த்தே கேட்டாள். முன்ஸிஃப் இல்லை என்றார். ஆறு நாற்பத்தைந்துக்கு ஒரு கருத்துப் போர் கிளம்பியது. அவள் திரும்பி வந்திருக்கவே கூடாது என்றது ஒரு குரல். அவன் தேநீரை வீணாக்கியதுதான் தாங்கவில்லை என்றது இன்னொன்று. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள், காத்திருக்காத ஆண்களையெல்லாம் நைல் நதியில் தள்ள வேண்டும் என்றாள். அறை முழுவதும் அதை ஆமோதித்தது.

ஆறு ஐம்பதுக்கு முன்ஸிஃப் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

நடிக்கத்தான் ஆரம்பித்தார். பிடித்த பிறகு உள்ளே நிஜமாகவே ஏதோ தடதடவென்று அடிப்பது தெரிந்து, முகம் தானாக வெளுத்தது. தஹானி எழுந்த வேகத்தில் இரண்டு நாற்காலி கவிழ்ந்தன. இப்திஹால் சோடா கொண்டுவருகிறேன் என்றதையோ, படுக்க வைக்கலாம் என்றதையோ அவள் காதில் வாங்கவில்லை. வெளியே காற்றுப் பட வேண்டும், தெருமுனையில் கிளினிக் இருக்கிறது, இப்போதே கிளம்ப வேண்டும் என்று சொல்லி, அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். இரண்டு மாடி. அவளுக்கு மூச்சே வாங்கவில்லை. முன்ஸிஃப் அதைக் கவனித்து உள்ளுக்குள் குறுகினார்.

கிளினிக்கில் எட்டு பேர் காத்திருந்தார்கள். சுவரின் உயரத்தில் ஒரு சின்ன டிவி. அதிலும் அதே சேனல்.

அறையின் இரண்டு கோடியிலும் உட்கார்ந்து நோயாளிகள் படத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரலில் கட்டுப் போட்ட தச்சர் ஒருவர், அந்த நாற்காலியின் கால் படம் முழுக்க ஆடுகிறது, பதினொரு வருஷத்தில் அதைச் சரிபண்ணத் தெரியாதவனுக்கு என்ன காதல் என்றார். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, அந்த ஆட்டத்தில்தான் அவனுடைய வேதனையே இருக்கிறது என்று கண்கலங்கினாள். அவளுடைய புருஷன் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். நர்ஸ் ஊசி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினாள்.

ஏழு அடித்தது. இசை வந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் திரையில் தோன்றி, விருதுக்கு இன்னும் ஒரு வாரமே இருக்கிறது, மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டோம், முதலாவதாக ஒரு சுவையான கருத்து என்றார்.

முன்ஸிஃப் கண்ணை மூடிக்கொண்டார். காதில் ரத்தம் ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. தாந்தா போகும் ரயில், பூட்டிய சமையலறை, தனியாகக் கொதிக்கிற தேநீர் எல்லாம் வரிசையாக வந்து போயின.

திடீரென்று அறை அமைதியானது.

கண்ணைத் திறந்தார். தஹானி ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் டிவியின் வயர், சுவரிலிருந்து பிடுங்கியபடி.

"நெஞ்சு வலிக்காரரை வச்சுக்கிட்டு இங்க என்ன சத்தம்?" என்றாள். அவள் குரல் நடுங்கியது. "இந்த வயரை யாராவது தொட்டீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

எட்டு பேரும் முணுமுணுத்தார்கள். யாரும் தொடவில்லை. ஏழு முப்பத்தைந்து வரை அவள் அந்த வயரைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்தும் இவளை நான் அறியவில்லையே என்று முன்ஸிஃப் நினைத்தார். இவளைப் பற்றியா பூட்டை மாற்றுவேன் என்று சொன்னேன்?

டாக்டர் அவரைச் சோதித்துவிட்டு, இருதயம் குதிரை மாதிரி இருக்கிறது, ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம் என்றார். பக்கத்தில் நின்ற தஹானியின் முகத்தைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று அவளுக்கும் அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். பிறகு மாத்திரையை அவளுக்கு எழுதிக் கொடுத்தார்.

டாக்ஸியில் முன்ஸிஃப் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியாக அப்படிப் பிடித்தது எப்போது என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

"தஹானி, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"இன்னிக்கு எதுவும் பேச வேண்டாம் அபூ ஹாஸிம்" என்றாள் அவள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. "உங்களுக்கு அழுத்தம் ஏறும்."

மகன் ஹாஸிமின் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டால் கோபம் இல்லை என்று அர்த்தம். முன்ஸிஃப் பெருமூச்சு விட்டார். சரி, சொல்ல வேண்டாம். நிகழ்ச்சி முடிந்துவிட்டது, இனி யாருக்குத் தெரியப் போகிறது? பாவத்துக்குப் பரிகாரமாக, நாளைக்கே அந்தப் படத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். நல்ல டிக்கெட், முன்வரிசை இல்லை, இடைவேளையில் பாப்கார்ன்.

வேண்டாம், ஒரே அழுகைப் படமாம், உங்கள் உடம்புக்கு ஆகாது என்றாள் தஹானி. இப்போதும் தன் உடம்பைத்தான் நினைக்கிறாள் என்று அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கட்டடத்து வாசலில் டாக்ஸி நின்றது. தஹானி முதலில் இறங்கி, வழக்கத்துக்கு மாறாக, விறுவிறுவென்று படியை நோக்கி நடந்தாள். வாட்ச்மேன் இத்ரீஸ், தெற்கே அஸ்வான் பக்கத்து நூபிய இனத்துக்காரர், தன் அறை வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தவர், எழுந்து அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார். உள்ளே அவருடைய சின்ன டிவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் கர்னல் ரஊஃப் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முன்ஸிஃபின் கால் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. தஹானி கையை ஆட்டி ஏதோ ஜாடை காட்டினாள். அதுவும், பின்னால் நின்ற முன்ஸிஃபும் இத்ரீஸின் கண்ணில் படவில்லை.

"அம்மா, 'என் வீட்டுக்காரருக்கு ஒரு நாற்காலியே அதிகம், அதுலயும் தூங்கித்தான் வழிவாரு, நான் போனதே அவருக்குப் பதினொரு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்'னு தியேட்டர் வாசல்ல நீங்க சொன்னீங்களே, அதைத்தான் முதல்ல போட்டாங்க, கடைசியிலயும் இன்னொரு தடவ போட்டாங்க" என்றார் இத்ரீஸ், "நிகழ்ச்சிதான் முடிஞ்சிருச்சே, ஐயா பார்த்துடக் கூடாதுன்னு காலையில என்னைக் கழட்டச் சொன்னீங்களே உங்க வீட்டு டிஷ் வயரு, அதை இப்ப மாட்டிடட்டுமா?"