மொட்டை மாடிச் சூரியன் விஷயமாகச் சம்பந்திக்கு

கொளஞ்சியப்பர் துணை

விருத்தாசலம்,
சித்திரை 6

திட்டக்குடியில் இருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தி ஆனந்தராஜ் அவர்களுக்கு, கோவிந்தராசு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அமிர்தமும் இந்த வெயிலுக்கு எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும், ஒன்பதாம் மாத வயிற்றோடு இருக்கும் எங்கள் அன்புக்கரசியும் சுகமாக இருக்கப் பிரார்த்திக்கிறோம்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று தாங்கள் நினைக்கலாம். தங்கள் போனுக்கு ஒன்பது முறை அடித்தேன். வாட்ஸாப்பில் அனுப்பிய வணக்கம் நீலமாகி நாலு நாள் ஆகிறது. அதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்வான். தபால்காரர் கையில் கொடுத்தால் பிரித்துத்தானே ஆக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நடந்தது தங்களுக்குத் தெரியும். ஆனால் அது எப்படி நடந்தது என்பது தெரியாது. மாசியில் வளைகாப்பு அன்று, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப் போகிறோம் என்று வாயைத் திறந்தேன். சம்பந்தியம்மா, "உங்க ஊர்ல கரண்டு நிக்கிறதில்லன்னு சொல்றாங்க. எங்க வூட்ல இன்வெர்ட்டர் இருக்குது. புள்ளத்தாச்சி பொண்ணு வெந்து போயிடும், இங்கயே இருக்கட்டும்" என்றார்கள். வாயில் வெற்றிலை இருந்தது, புத்தி இல்லை. "நான் மாடியில சோலாரே போடப்போறேங்க, ஊரு பூரா கரண்டு போனாலும் எங்க வூட்ல போகாது" என்று சொல்லிவிட்டேன். ஃபியூஸ் கேரியர் செய்யும் பீங்கான் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவன் சொல்கிறானே என்று எல்லோரும் நம்பினார்கள். நான் அங்கே பார்த்ததெல்லாம் பீங்கானில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். சரி, போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள், வந்து பார்த்துப் பெண்ணை விட்டுவிட்டுப் போகிறோம் என்றீர்கள்.

மறுநாளே மானியத்துக்கு எழுதிப் போட்டேன். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் வீட்டு மின் இணைப்பு இன்னும் என் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் காலமாகிப் பதினாறு வருஷம். இத்தனை வருஷமும் தவறாமல் பில் கட்டி வந்திருக்கிறார். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் தேடி எடுத்து, அவர் பெயரிலிருந்து கரண்டை என் பெயருக்கு மாற்றுவதற்குள் அவரை இன்னொரு முறை அடக்கம் செய்த களைப்பு வந்துவிட்டது. பிறகு பாரி என்கிற தம்பி ஆறு பேனலோடு வந்தார். பேனல் தெற்குப் பார்த்துத்தான் சாய்ந்திருக்க வேண்டும் என்றார். அமிர்தம் மாடிப்படியை மறித்து நின்றாள். "புள்ள பொறக்கப் போற வூட்ல எமன் திசையப் பாத்துக் கண்ணாடி வெப்பாங்களா? கெழக்க திருப்புப்பா" என்றாள். "வெயிலு தெக்கதாங்க ஆயா நல்லா விழும்" என்று அந்தத் தம்பி அரை நாள் மன்றாடினார். அவள் வயதுக்கு ஆயா என்றது வேறு சேர்ந்துகொண்டது. கடைசியில் தெற்குப் பார்த்தே வைத்தோம், ஆனால் எமனுக்குப் பரிகாரமாக ஒரு கம்பம் நட்டு அதில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டுவது என்று முடிவாயிற்று. பூசணிக்காயின் நிழல் பேனலில் விழுந்து கரண்டு பாதியாகிவிட்டது. பாரி செல்போனில் பார்த்துவிட்டு ஓடி வந்து காயை அவிழ்த்தார். பத்து நாள் கழித்து மறுபடி கரண்டு குறைந்தது. மறுபடி ஓடி வந்தார். ஆறு பேனலிலும் அமிர்தம் கூழ் வத்தல் பிழிந்து காயவைத்திருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு சுத்தமான, சாய்வான, சூடான இடம் விருத்தாசலத்தில் வேறு கிடையாது. கண்ணாடியில் கறை பிடிக்கும் என்று பாரி கோபித்துக்கொண்டதால், அதற்குப் பிறகு பேப்பரை விரித்து அதன்மேல் துணியைப் போட்டுப் பிழிந்தாள்.

தாங்கள் பெண்ணையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு காரில் வந்த அன்று காலையில், வத்தலுக்கு அடியில் இருந்தது அன்றைய பேப்பர். பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை மின்சாரம் இருக்காது என்கிற அறிவிப்பு அதில்தான் இருந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? தங்களை ஃபேனுக்கு நேர் கீழே உட்காரவைத்து, இட்லி போட்டு, இனி இந்த வீட்டில் கரண்டு என்பது நம்ம கிணற்றுத் தண்ணீர் மாதிரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மணி ஒன்பது. ஃபேன் நின்றது. "இருங்க, தானா வந்துடும்" என்றேன். பத்து நிமிஷம் இருந்தீர்கள், தங்கள் பொறுமையை மறக்க மாட்டேன். நான் மாடிக்குப் போய்ப் பேனலைத் தட்டிப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது, கீழே ஃபேன் சுற்றவில்லை. அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுக் கொளஞ்சியம்மாள், "எங்க வூட்ல இன்வெர்ட்டர் ஓடுதுங்க, புள்ளத்தாச்சிய இங்க கூட்டியாந்து உக்கார வெய்யிங்க" என்று மதில்மேல் எட்டிச் சொன்னாள். என் சம்பந்திகள் என் வீட்டுக்கு வந்து, அடுத்த வீட்டில் மோர் குடித்தார்கள். சம்பந்தியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "ஏங்க சம்பந்தி, உங்க சூரியனும் கரண்டுலதான் ஓடுதுங்களா?" பதில் ஆமாம் என்பது எனக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. பாரியிடம் கேட்டேன். "லைன்ல ஆளுங்க வேலை செஞ்சிட்டு இருப்பாங்கய்யா. நம்ம கரண்டு போயி அவங்கள அடிச்சிடக் கூடாதில்ல. அதான் லைன் கரண்டு நின்னா சோலாரும் தானா நின்னுக்கும். பேட்டரி வெச்சிருந்தா வூட்டுக்கு மட்டும் ஓடியிருக்கும். நான் அப்பவே கேட்டேன். பகல்லதான் சூரியன் இருக்குதே, பேட்டரி எதுக்குன்னு நீங்கதான் சொன்னீங்க" என்றார். சொன்னேன்தான். கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள், நான் கேடுகூட நினைக்கவில்லை, வெறுமனே கெட்டேன்.

அன்புக்கரசியின் பெட்டி திறக்காமலே திரும்பிப் போனதுதான் சம்பந்தி, எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்களுக்கு ஒரே பெண். தொட்டில் கட்டக் கூடத்து உத்தரத்தில் கொக்கி அடித்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை என்று பாயை அடுக்களைக்கு மாற்றிக்கொண்டேன். குறையைச் சீட்டில் எழுதிக் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டலாம் என்றாள் அமிர்தம். யார்மேல் என்று எழுதுவது, சூரியன்மேலா? தவிர, பிராது எழுதினால் தொண்ணூறு நாளில் தீரும் என்பார்கள். குழந்தை அதுவரை காத்திருக்காது.

ஆகவே நானே வழிக்கு வந்துவிட்டேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்கிற வழக்கத்தை நான் மட்டும் தூக்கிப் பிடிப்பதற்கில்லை. தாங்கள் சொன்னபடி பிரசவம் தங்கள் வீட்டிலேயே ஆகட்டும். நாங்கள் இருவரும் வந்து தங்கிக்கொள்கிறோம். அமிர்தம் சமைப்பாள். நான் வாசலில் படுத்துக்கொள்வேன், கரண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் எங்கள் ஆசி. பழமலைநாதர் எல்லோரையும் குளிர்ச்சியாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
கோ. கோவிந்தராசு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் கார் வந்து நின்றது. அன்புக்கரசி, அதே பெட்டி, பின்னால் சம்பந்தியம்மா. தாங்கள் நல்லூருக்கு வயல் பார்க்கப் போய் ஐந்து நாள் ஆகிறதாம், போனையும் வீட்டிலேயே விட்டுவிட்டீர்களாம். என் வணக்கத்தை நீலமாக்கியது யார் என்று நான் கேட்கவில்லை. முந்தாநாள் அடித்த காற்றிலிருந்து திட்டக்குடியில் தங்கள் தெருவுக்குக் கரண்டு இல்லையாம், இன்வெர்ட்டரும் நேற்று மதியம் கையை விரித்துவிட்டதாம். "எங்கன்னாலும் வேர்க்கத்தான் போவுது, எங்கப்பா வூட்லயே வேர்க்கட்டும்" என்று பெண் கிளம்பிவிட்டாளாம். பிராது கட்டியவர்கள் காரியம் முடிந்ததும் போய் ராஜினாமா கொடுத்துத் திரும்பப் பெறுவது எங்கள் ஊர் வழக்கம். மேலே எழுதியது பூராவுக்கும் இது ராஜினாமா. தாங்கள் வீடு திரும்பி இதைப் படித்ததும் நேராக இங்கே வந்துவிடவும். வரும்போது ஜவ்வரிசி இரண்டு கிலோ வாங்கி வரச் சொன்னார்கள் சம்பந்தியம்மா. இப்போது மாடியில் அமிர்தத்தோடு வத்தல் பிழிந்துகொண்டிருக்கிறார்கள். இடம் பத்தவில்லை, இன்னும் ரெண்டு பேனல் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கரண்டு போய் அரை மணி ஆகிறது. அன்புக்கரசி கூடத்தில் பாயில் தூங்குகிறாள். இடது கையில் விசிறி இருப்பதால் காகிதத்தைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.