தும்மிய சுவர்

உலகத்தில் உள்ள அத்தனை வீடுகளும் ஒரே நாளில் கறைபட்டு, துருப்பிடித்து, அடைத்துக்கொண்டு நின்றாலும், ஓர் எலுமிச்சம்பழமும் ஒரு கைப்பிடிக் கல்லுப்பும் இருந்தால் சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் நேராக்கிவிடலாம் என்று மனதார நம்பிய ஒரே மனிதர், எங்கள் விடுதியின் டிப்ஸ் அக்காதான்.

வேங்கிக்காலில், அரசு அலுவலகங்களுக்குப் பின்புறம் உள்ள தெருவில் இருந்தது அந்த மகளிர் விடுதி. அக்கா அந்த அலுவலகங்களில் ஏதோ ஒன்றில் பணியாற்றினார். எதில் என்று எங்களுக்குத் தெரியாது. சொந்தப் பெயரும் தெரியாது. அவருக்கு வரும் பார்சலின் மேல்கூட ‘டிப்ஸ் அக்கா, முதல் மாடி’ என்றே எழுதியிருக்கும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு.

நெடுநெடுவென்று உயரம். யோசனை சொல்லும்போது நம்மைப் பார்க்க மாட்டார். மாடிக் கொடியில் காயும் துணிகளுக்கு மேலே, மேகம் மூடியும் விலகியும் நிற்கும் மலையைப் பார்த்துக்கொண்டு, கனவில் கேட்ட ஒன்றை நினைவுகூர்பவரைப் போல மெல்லிய குரலில் சொல்வார். “மிக்ஸி நின்னு போச்சுன்னா பதறாத. அடியில சிவப்பா ஒரு பட்டன் இருக்கும். கொஞ்ச நேரம் ஆற விட்டு, அதை அழுத்து. அதுக்கும் ஓய்வு வேணும் இல்ல.” கேட்டுக்கொண்டிருந்தால் மிக்ஸியின்மேல் இரக்கம் வந்துவிடும்.

அவருடைய யோசனைகளில் பாதி பலிக்கும். எந்தப் பாதி என்பது மட்டும் முன்கூட்டித் தெரியாது.

காலையில் எழுந்திருக்க முடியவில்லை என்ற பெண்ணிடம், அலாரம் வைத்த போனை எவர்சில்வர் குண்டானுக்குள் போட்டுத் தூரமாக வைக்கச் சொன்னார். விடிகாலையில் விடுதி முழுவதும் எழுந்து உட்கார்ந்தது, அந்தப் பெண்ணைத் தவிர. துருவேறிய இரும்பு வாளியை எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தார். வாளி வெள்ளியாகிவிட்டது. நான் சமூகப்பணி படித்தவள்; எதிலும் பின்விளைவை யோசித்துப் பார்ப்பவள். எனவே கேட்டேன்.

“அக்கா, இந்தத் தெருவுக்குத் தண்ணி வரதே கம்மி. ஒரு வாளிக்கு இவ்ளோ தண்ணி செலவு பண்ணலாமாக்கா?”

“எதுவும் வீணாகல பாப்பா. அத்தனையும் கறிவேப்பிலைச் செடிக்குத்தான் ஊத்தியிருக்கேன்.”

உப்புத் தண்ணீர் குடித்த கறிவேப்பிலைச் செடி அந்த வாரமே பட்டுப்போனது. அதற்கு அவர் மனமாரத் துக்கம் அனுசரித்தார். ஆனால் பட்டுப்போன கிளைகளை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதையும் துக்கத்தோடேயே சொன்னார்.

எந்நாளும் தவறாத யோசனை ஒன்றும் அவரிடம் இருந்தது. “தும்மல் வந்தா, மூக்குக்குக் கீழ, உதட்டுக்கு மேல, ஆள்காட்டி விரலால அழுத்திப் புடி. நின்னு போயிடும். எங்க ஆபீஸ் ஃபைல்ல இருக்கற தூசிக்கு நான் இதுவரைக்கும் ஒரு தடவகூடத் தும்முனதில்ல.” நாங்களும் சோதித்துப் பார்த்தோம். உண்மைதான்.

என் அறைத்தோழி சுமதி, கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வீட்டுச் சாதனங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர்களுக்குப் போனில் தமிழில் விளக்கம் சொல்லும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். அவள் பல மாதங்களாக எதிர்பார்த்திருந்த வேலை அது. நேர்காணல் வீடியோ வழியாக. விடுதியின் வைஃபை எங்கள் அறைக்கு வரும்போதே மூச்சு வாங்கும். அக்கா தானாகவே உதவ வந்தார்.

“நாலா பக்கமும் செதறிப் போவுது, அதான் உனக்குக் கம்மியா வருது. வைஃபை பொட்டிக்கு மூணு பக்கம் அலுமினியத்தாள சுத்திட்டா ஒரே பக்கமா வரும்.”

ஒரே பக்கமாகத்தான் வந்தது. வார்டன் அம்மாவின் அறைப் பக்கமாக. அன்று அவருடைய சீரியல் தங்குதடையின்றி ஓட, சுமதி வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துபோனாள். நிறுவனத்துக்காரர்கள் அந்தத் திறந்த வாயைப் பொறுமையாகப் பார்த்திருந்துவிட்டு இணைப்பைத் துண்டித்தார்கள்.

சுமதி அக்காவோடு பேசுவதை நிறுத்தினாள். அக்கா தினமும் அவள் கட்டிலருகே ஒரு டம்ளர் சுக்குக் காப்பியை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். யோசனை எதுவும் சொல்லாத அக்காவைப் பார்க்க எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகு அந்த நிறுவனம் இரக்கப்பட்டு, கடைசியாக இன்னொரு முறை என்று ஒரு நாளைக் குறிப்பிட்டது. சுமதி மகிழ்ச்சியில் உடனே சம்மதம் சொன்னாள். எங்கள் ஊரில் எந்தக் காரியத்துக்கு நாள் குறித்தாலும் அன்று பௌர்ணமியா என்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்போம். கிரிவலக் கூட்டத்தில் பேருந்துகள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். போனில் சிக்னல் முழுதாகத் தெரியும். ஒரு வார்த்தை போய்ச் சேராது. சுமதி அதைப் பார்க்கவில்லை. பார்த்தது அக்காதான்.

“பாப்பா, அன்னைக்குப் பௌர்ணமி.”

சுமதி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அதிர்ச்சியில் அக்காவோடு பேசுவதில்லை என்பதையும் மறந்தாள். “தேதிய மாத்தித் தரச் சொல்லிக் கேக்கட்டுமாக்கா?”

நான் யோசித்துப் பார்த்தேன். ஏற்கெனவே பாவம் பார்த்துத் தந்த வாய்ப்பு. நிலா நிறைந்திருப்பதால் வர இயலவில்லை என்று எந்த நிறுவனத்துக்கு எழுதுவது?

அக்கா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். “ஜனம் பூரா உள்ள வருதுன்னா, நாம வெளிய போயிட வேண்டியதுதான்.”

“எங்க கொல்லிக்குப் போலாம்க்கா,” என்றாள் சுமதி, தன் ஊர் வயலைச் சொல்லி. “பக்கத்துலயே டவர் இருக்கு. ஆனா வீட்டுக்குள்ள சிக்னல் நுழையாது. வெளியதான் உக்காரணும். பின்னால வெறும் சுவர் தெரியணும்னு வேற மெயில்ல போட்டிருக்காங்க.”

“சுவர நான் கொண்டாரேன்,” என்றார் அக்கா.

அவர் கொண்டுவந்தது ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. பூச்சி அண்டாதிருக்க, காய்ந்த மிளகாயும் மிளகும் தூவி மடித்து, நெடுங்காலம் பெட்டியில் வைத்திருந்த விரிப்பு. இதுவும் அவருடைய யோசனைதான்.

பௌர்ணமியன்று பிற்பகல், ஊரே உள்ளே வர, நாங்கள் மூவரும் ஊர் எல்லைவரை நடந்து, காலிப் பேருந்தில் வெளியே போனோம். எதிரில் மக்கள் வெறுங்காலோடு, குழந்தைகளைத் தோளில் சுமந்து வந்துகொண்டே இருந்தார்கள். தூக்கத்தில் ஒருவர் ஆற்றை எதிர்த்து மிதந்து போவதைப் போலிருந்தது அந்தப் பயணம்.

சுமதியின் சித்தப்பாவுடைய கொல்லியில் மல்லாட்டை போட்டிருந்தார்கள். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பச்சைச் செடிகளுக்கு நடுவே மஞ்சள் பூக்கள். மேற்கே, வெகு தூரத்தில், தரையைத் தொடாமல் நிற்பதுபோல் நீலமாக மலை. பம்ப்செட் கொட்டகையின் சுவர் முழுக்கச் சிமெண்ட் விளம்பரம். விரிப்பைக் கட்ட மரமும் இல்லை.

“மேற்கப் பாத்து உக்காரு, மூஞ்சில வெளிச்சம் வுழும்,” என்றார் அக்கா. கவிழ்த்த கூடைமேல் போனைச் சாய்த்து வைத்தார். சுமதிக்குப் பின்னால் போய் நின்று, விரிப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். “நாம ரெண்டு பேருந்தான் சுவரு. அசையக் கூடாது.”

அழைப்பு வந்தது. சென்னையிலிருந்து ஒரு நடுவயது அதிகாரி. அவர் கேட்கக் கேட்க, சுமதி மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். குரல் இரும்புக் கம்பியைப் போல விறைத்திருந்தது. அதிகாரியின் “சரிம்மா, சரிம்மா” தளர்ந்துகொண்டே வந்தது. வேலை கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது சுவருக்கே புரிந்தது.

அப்போது காற்று வீசியது. விரிப்பிலிருந்த மிளகும் மிளகாயும் உயிர்பெற்று எழுந்தன. எனக்குக் கண் எரிந்தது. அக்காவைப் பார்த்தேன். அவருடைய மூக்கு நடுங்கியது. ஆள்காட்டி விரல் மூக்கை நோக்கி எழுந்தது. உடனே விரிப்பின் மூலை சரியத் தொடங்கியது. அவர் அதைப் பார்த்தார். விரல் திரும்பிப் போய் விரிப்பை இறுகப் பற்றிக்கொண்டது.

சுவர் தும்மியது. வயலில் இருந்த கொக்குகள் எழுந்து பறக்கும் அளவுக்குத் தும்மியது.

“என்னம்மா சத்தம் அது?”

சுமதி வாயைத் திறந்தபடி உறைந்தாள். இந்த முறை இணைப்பு நன்றாகவே இருந்தது; நின்றுபோனது அவள்தான். பிறகு சொன்னாள்: “சுவரு சார்.”

“சுவரா?”

“எங்க ஹாஸ்டல் அக்கா சார். பெட்ஷீட்டப் புடிச்சிக்கினு நிக்கறாங்க. இன்னைக்கு ஊர்ல பௌர்ணமி, சிக்னல் வராது. அதான் எங்க கொல்லிக்கு வந்துட்டோம்.”

“அப்பத்திலேருந்து பிடிச்சிட்டு நிக்கறாங்களா? கை வலிக்குமே. உட்காரச் சொல்லுங்க.”

“பரவால்லைங்க சார்,” என்றது சுவர். “நீங்க கேள்வியக் கேளுங்க.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “சார், ஒண்ணு சொல்லலாங்களா? ஜன்னலுக்கு முதுகக் காட்டிக்கினு உக்காந்திருக்கீங்க. மூஞ்சி இருட்டா தெரியுது. நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கினீங்கன்னா நல்லாருக்கும்.”

இதன் பின்விளைவுகளை நான் எண்ணிப் பார்க்கத் தொடங்கி, முடிக்கும் துணிவின்றி நிறுத்திக்கொண்டேன். திரையில் நாற்காலி கிறீச்சிட்டது. இருட்டு நகர்ந்தது. அதுவரை ஒரு கருநிழலாக இருந்த அதிகாரிக்கு முகம் வந்தது. அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

“இப்ப எப்படி இருக்கு?”

“இப்பதான் சார் ஆளே தெரியறீங்க.”

“சரி சுமதி, கடைசியா ஒண்ணு கேக்கறேன். ஒரு அம்மா போன் பண்றாங்க. மிக்ஸி நின்னு போச்சு, வீட்டுக்கு விருந்தாளி வந்தாச்சுன்னு அழறாங்க. என்ன சொல்வீங்க?”

மனப்பாடம் செய்ததில் அழுகிற அம்மா இல்லை. சுமதி திரையைப் பார்க்காமல், அதற்கு அப்பால் தெரிந்த நீல மலையைப் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னாள்: “பதறாதீங்கம்மான்னு சொல்வேன் சார். ஒண்ணும் ஆகல. அடியில சிவப்பா ஒரு பட்டன் இருக்கும். கொஞ்ச நேரம் ஆற விட்டு, அதை அழுத்துங்க. அதுக்கும் ஓய்வு வேணும் இல்லைங்களாம்மா.”

அதிகாரி திரையை நெருங்கி வந்தார். பிறகு, “எங்க வீட்டு மிக்ஸிக்கும் அதுதானா ஆயிருக்கும்?” என்றார்.

விரிப்பு அந்தப் பக்கம் லேசாகக் குலுங்கியது. நான் தும்மல் என்று நினைத்துத் திரும்பினேன். அக்காவின் கண்கள் நிறைந்திருந்தன. மிளகாய்தான் என்று பிற்பாடு சொன்னார்.

அழைப்பு முடிந்து விரிப்பை இறக்கினோம். அதற்குப் பின்னால் நிலா வந்து காத்திருந்தது. எங்கள் சுவர் இத்தனை நேரம் மறைத்திருந்தது அதைத்தான். அக்காவின் கைகள் கீழே இறங்க மறுத்தன. அப்படியே தூக்கிய கைகளோடு அவர் மல்லாட்டைச் செடிகளுக்கு நடுவே நடந்துவர, நிலவொளியில், யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு கொடியில் துணி உலர்த்தப் போகிறவரைப் போலிருந்தார்.

சுமதிக்கு வேலை கிடைத்தது. அழுதுகொண்டு அழைப்பவர்களை அவளிடம்தான் தருகிறார்களாம். அக்கா மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். அங்கே எந்தக் கறிவேப்பிலைச் செடி பட்டுப்போயிருக்கிறதோ தெரியவில்லை.

அந்த விரிப்பை என்னிடம் விட்டுச் சென்றார். மிளகும் மிளகாயும் தூவி, மடித்து வைத்திருக்கிறேன். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் தும்மல் வருகிறது. மூக்குக்குக் கீழே விரலை அழுத்தினால் நின்றுவிடும் என்று தெரியும். நான் அழுத்துவதில்லை.