அத்தைக்குத் தொண்டை கட்டியது

"அம்மா, உன் கால்ல வேணா விழறேன். உள்ள போனதும் வாயைத் திறக்காதே. திறந்தா என் கல்யாணம் அவ்வளவுதான்" என்று மாடிப்படியில் நின்று மூன்றாவது தடவையாகக் கெஞ்சினான் மகன்.

"இருமலாவது இருமலாமாடா?" என்றாள் மைக்கம்மா.

அவ்வளவு மெதுவாகத்தான் கேட்டாள். அதற்கே கீழ்வீட்டுக் கதவு பட்டென்று சாத்திக்கொண்டது.

அந்தக் குரல் அப்படி. இருபது வருஷத்துக்கு முன்னால் எட்டரை மணி சீரியலில் வந்து வீடுவீடாக நடுங்க வைத்தாளே வைரத்தோடு அத்தை, அவளுக்கு முகம் கொடுத்தது ஒரு நடிகை. குரல் கொடுத்தது இவள். ஆறு வருஷம், ஆயிரத்துச் சொச்சம் எபிசோடு. டப்பிங் தியேட்டரில் எல்லாரும் வைத்த பெயர்தான் மைக்கம்மா. டிவியில் ஒரு நாளும் அவள் பெயரைப் போட்டதில்லை. சீரியல் முடிந்தும் குரல் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. ராங் நம்பரில் கூப்பிட்டவர்கள் இவள் "ஹலோ" சொன்னதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தார்கள்.

மகன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கண் சோதிக்க வந்த ஒரு பெண், கடைசி வரியின் பொடி எழுத்து வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டு, அடுத்த வாரமும் கண் சோதிக்க வந்தாள். காதல் அப்படி ஆரம்பித்தது. பெண்ணின் அப்பாவுக்குச் சம்மதம், அம்மாவுக்கும் சம்மதம். ஆனால் அந்தக் குடும்பத்தில் பெரியம்மா வைத்ததுதான் சட்டம். அந்தப் பெரியம்மாவோ, வைரத்தோடு அத்தை மருமகளை வீட்டைவிட்டுத் துரத்திய அன்றைக்கு டிவியைச் செருப்பால் அடித்தவர்.

"தொண்டை கட்டிப்போச்சுன்னு நான் சொல்லிடறேன். நீ சிரிச்ச முகமா உட்கார்ந்திரு, போதும்."

"சிரிக்கலாமா?"

"முகம் மட்டும்மா! சத்தம் வரக்கூடாது. அந்தச் சிரிப்பைக் கேட்டா செத்தவன்கூட எழுந்து ஓடுவான்."

கதவைத் திறந்தது பெண்ணின் அப்பா. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வழிவிடும்போதும் வலது கையை நீட்டி சிக்னல் காட்டித்தான் விட்டார். பெண்ணின் அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், புன்னகைத்தாள், உள்ளே போய்விட்டாள். சோபாவின் நடுவில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார்.

"அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்றான் மகன்.

"அட, நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க! நான் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில நர்ஸு. டார்ச்சை எடுடி!"

பெண் டார்ச்சைக் கொண்டுவந்தாள். மகனின் முகத்தில் ரத்தம் வற்றியது.

"நல்லா வாயைத் திறங்க. 'ஆ'ன்னு சொல்லுங்க."

மைக்கம்மா வாயைத் திறந்தாள். 'ஆ'வை வயிற்றோடு பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

"சத்தமா!"

தலையை மட்டும் ஆட்டினாள். பெரியம்மா மூலைமுடுக்கெல்லாம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"தொண்டை பளிச்சுனு இருக்கே. இதுல என்ன கோளாறு?"

"அது... இன்னும் கீழ" என்றான் மகன்.

"எவ்வளவு கீழ?"

"டாக்டர் பேசவே கூடாதுன்னு சொல்லிட்டார். அம்மா எழுதிக் காட்டுவாங்க" என்று சட்டைப்பையிலிருந்து கடைச் சீட்டுக் கட்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். கண் பவர் எழுதித் தருகிற உள்ளங்கை அகலச் சீட்டு. அதில் மூன்று வார்த்தைக்கு மேல் எழுதினால் நான்காவது வார்த்தை மேஜையில்தான் போய் விழும்.

பெரியம்மா விசாரணையை ஆரம்பித்தார். "எங்க பொண்ணுக்குச் சமையல் அவ்வளவா வராது. உங்களுக்குப் பரவாயில்லையா?"

அடடா, இதுக்கா கவலை, சமைக்க நான் இருக்கிறேன், குழந்தை அடுப்படியில் கஷ்டப்படவே வேண்டாம் என்று உருகிப்போய் எழுத உட்கார்ந்தாள் மைக்கம்மா. சீட்டில் இடம் கிடைத்தது இவ்வளவுக்குத்தான். பெரியம்மா உரக்கப் படித்தார்.

"'அடுப்படிப் பக்கம் வரக்கூடாது.'"

பெண் மகனைப் பார்த்தாள். மகன் கூரையைப் பார்த்தான்.

"சரி. அவ வேலை முடிஞ்சு வர்றதுக்கு ஒன்பது மணி ஆயிடும். அதுக்கு என்ன சொல்றீங்க?"

எத்தனை மணியானால் என்ன, சாப்பிடாமல் அவளுக்காக உட்கார்ந்திருப்பேன் என்று சொல்ல நினைத்தாள். எழுதினாள்.

"'வரட்டும். காத்திருப்பேன்.'" பெரியம்மா சீட்டைத் தள்ளிப் பிடித்து இன்னொரு தடவை படித்தார். "பேசாமலே இந்த மிரட்டா! இப்படி மிரட்டறவ ஒருத்தியத்தான் நான் பார்த்திருக்கேன். எட்டரை மணி சீரியல் ஞாபகம் இருக்கா? வைரத்தோடு அத்தை!"

மகனுக்குப் புரையேறியது.

"அவகிட்ட அந்த விக்கல் மருமக பட்ட பாடு இருக்கே! 'தப்பெல்லாம் என்மேலதான், அத்தை... தண்டனையை நீங்களே சொல்லுங்க, அத்தை!'ன்னு ஒவ்வொரு 'அத்தை'க்கு முன்னாலயும் ஒரு விக்கல் விக்குவா பாருங்க, எனக்கு நெஞ்சே வெடிச்சிடும்." பெரியம்மா விக்கிக் காட்டினார். தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்த மாதிரி இருந்தது.

மைக்கம்மாவுக்கு அந்த நிஜமான விக்கல் காதிலேயே இருந்தது. அதற்குச் சொந்தக்காரியை மட்டும் அவள் கண்ணால் கண்டதில்லை. டப்பிங்கில் ஒவ்வொருவராகத்தான் வந்து பேசுவார்கள். ஒருத்தி காலையில் வந்து அழுதுவிட்டுப் போனால், இன்னொருத்தி மத்தியானம் வந்து அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே திட்டிவிட்டுப் போவாள். மறுநாள் திட்டு முன்னால், அழுகை பின்னால். ஆறு வருஷமும் இப்படியே போய்விட்டது.

"அண்ணி, அந்த அழுமூஞ்சி சீரியலை விடுங்களேன்" என்று அவசரமாகக் குறுக்கே வந்தார் டிரைவிங் ஸ்கூல்காரர். "ஞாயித்துக்கிழமை குடைக்காரர் வருவாரே, அதைச் சொல்லுங்க!"

"நீ சும்மா இரு. சீரியல் பேச்சை எடுத்தாலே உனக்குக் குடைக்காரர் வந்துடுவார்" என்ற பெரியம்மா, மைக்கம்மா பக்கம் திரும்பினார். "இந்த வீட்டுல இவன் பெண்டாட்டி ஒருத்திதான் அந்த சீரியலைப் பார்க்கவே மாட்டா. மருமக அழ ஆரம்பிச்சா எழுந்து அடுப்படிக்குப் போயிடுவா. அவ்வளவு இளகின மனசு. பேச்சும் கிடையாது. இத்தனை வருஷத்துல அவ முழுசா நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல."

பெரியம்மா இருக்கிற இடத்தில் நாலு வார்த்தை பேச யாருக்குத்தான் இடம் கிடைக்கும்?

இதற்குள் டிரைவிங் ஸ்கூல்காரர் கதவோரம் இருந்த குடையை எடுத்து, அதன் வளைந்த பிடியைத் தன் சட்டைக் காலரில் பின்பக்கமாக மாட்டிக்கொண்டிருந்தார். பழைய டிவி நகைச்சுவைக்காரரின் பிரபலமான கட்டம் அது. தன் குடையே தன்னைப் பிடித்திருப்பது தெரியாமல், யாரோ காலரைப் பிடித்துவிட்டார்கள் என்று குடைக்காரர் பயந்து நடுங்குவார்.

"சார், விடுங்க சார்! நீங்க தேடற ஆள் நான் இல்ல சார், என் தம்பி! என்ன சார் பதிலே காணோம்? சரி, தம்பியும் இல்ல சார், எங்க அப்பா!" என்று கும்பிட்டுக்கொண்டே சோபாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். திரும்பும்போதெல்லாம் குடையும் திரும்பி அவர் முதுகில் ஒரு சாத்துச் சாத்தியது. "அடிக்காதீங்க சார், தாத்தாவையும் காட்டிக்கொடுத்துடறேன்!"

பெண் சிரித்தாள். மகன் தன் நிலைமையை மறந்து சிரித்தான். மைக்கம்மாவுக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே வந்துவிட்டது. விட்டால் தொலைந்தது! சோபாத் தலையணையை எடுத்து முகத்தை அதற்குள் புதைத்தாள். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் தாரையாகக் கொட்டியது.

"ஏன் இப்படி அழறாங்க?" என்று பதறினார் பெரியம்மா. "எங்க பொண்ணைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்களேன்!"

"ஐயோ, அழல பெரியம்மா! அம்மா ரொம்ப சந்தோஷமா இருந்தா இப்படித்தான்" என்றான் மகன்.

"சந்தோஷத்துல தலையணையைக் கடிப்பாங்களா?"

தலையணையை எடுத்துப் பார்த்தால் அதன் நுனியில் பஞ்சு வெளியே வந்திருந்தது.

பெரியம்மா பெருமூச்சு விட்டார். "என்ன சொன்னாலும் அந்த அத்தையோட குரல் குரல்தான். அது அந்த நடிகையோட சொந்தக் குரலாமே. பிறவியிலேயே வந்திருக்கணும். வேற எவளால முடியும்?"

மைக்கம்மாவின் காது சூடானது. சீட்டுக் கட்டு கையில் கசங்கியது. வேண்டாம், மகனுக்காகப் பொறுத்துக்கொள் என்று பல்லைக் கடித்தாள்.

"மருமகளைத் துரத்தினாளே, அந்தக் கட்டம்! இப்படித்தான் சொல்வா" என்று பெரியம்மா எழுந்து நின்று, கையை நீட்டி, மூக்கால் கத்தினார். "வெளியபோடி வெளியபோடி!"

தனக்கு ஆகாததை எல்லாம் பொறுத்தவளால் இதைப் பொறுக்க முடியவில்லை.

"அப்படி இல்ல!" என்று துள்ளி எழுந்தாள். "மூக்கால பேசக்கூடாது! 'வெளியே'ன்னு சொல்லிட்டு ஒரு மூச்சு நிறுத்தணும். அந்த மூச்சுலதான் மருமகளுக்கு உயிரே போகணும். இப்படி... வெளியே..." நிறுத்தினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "...போடி!"

எதிர்வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது. டிரைவிங் ஸ்கூல்காரர் காலரில் குடையோடு அட்டென்ஷனில் நின்றார். பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அவதான்! அவளேதான்!" பெரியம்மா விரலை நீட்டினார். "இவ காலடியில எங்க குழந்தையைக் கொண்டுபோய்த் தள்ளுவேனா? இந்தச் சம்பந்தமே வேண்டாம்!"

"அம்மா, தயவுசெஞ்சு நான் சொல்றதைக் கேளுங்க" என்று கண் கலங்கிக் கெஞ்சினாள் மைக்கம்மா. என்ன பிரயோஜனம்? அந்தக் குரலில் கெஞ்சலும் கொலை மிரட்டலாகத்தான் வந்தது. பெரியம்மா கைப்பையைக் கீழே போட்டுவிட்டுச் சோபாவுக்குப் பின்னால் போய் நின்றார்.

அப்போது அடுப்படியில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. தொடர்ந்து ஒரு விக்கல் கேட்டது. காற்றடைத்த குழாய் விக்கல் இல்லை, ஆயிரத்துச் சொச்சம் எபிசோடு விக்கிய விக்கல்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பெண்ணின் அம்மா வெளியே வந்தாள். மைக்கம்மாவைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை ஆசைதீரப் பார்த்தாள்.

"ஆறு வருஷம் ஹெட்போன்ல உங்ககிட்ட திட்டு வாங்கி அழுதவ நான்தான்... கல்யாணத் தேதியை நீங்களே சொல்லுங்க, அத்தை!"