ஏழாம் மேஜைக்குப் போன ஆமை

ஒரு காட்டில் ஓர் ஆமை இருந்தாள். இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தோடுதான் தொடங்கவேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதில் வருகிறவர்களில் பாதிப்பேருக்குப் பல் கூர்மை, மீதிப்பேருக்கு ஞாபகம் கூர்மை. 'நான் அப்படியா சொன்னேன்?' என்று யாராவது வாசலில் வந்து நின்றால் பதில் சொல்ல முடியாது. ஆகவே கூட்டாமல் குறைக்காமல், நடந்தது நடந்தபடி.

ஆமையின் பேர் கோமளா. வயது எழுபத்தைந்து, ஆமைக்கு அது நடுவயது. படிப்பு இல்லை. முதல் வகுப்பில் சேரக் கிளம்பியவள் பாதி வழி போவதற்குள், கூடக் கிளம்பிய முயல்களெல்லாம் பத்தாவது முடித்துவிட்டு எதிரே வந்தன. இனிமேல் எதற்கு என்று அவளும் திரும்பிவிட்டாள்.

படிப்புக்கும் சேர்த்து அவளிடம் கவலை இருந்தது. எங்கே கிளம்பினாலும் நாலு எட்டு வைத்ததும் நின்றுவிடுவாள். வீட்டைப் பூட்டினோமா? வீடு முதுகில்தான் இருக்கும். இருந்தாலும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அவளுடைய சிநேகிதி ரோஸ்லின் ஒரு காட்டுப்பன்றி. வயது ஐந்து, பன்றிக்கு அதுவும் நடுவயதுதான். பயம் என்றால் எந்தக் கிழங்கு என்று கேட்பாள்.

"அக்கா, எழுபத்தைஞ்சு வருஷமா புல்லு. நாக்கு செத்துப் போகலையா உனக்கு? இன்னிக்கு சாயங்காலம் பீர், அப்புறம் பர்கர். நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஆனா தலையை உள்ள இழுத்துக்கோ. அதுக்குத்தானே வீட்டை முதுகுல கட்டிட்டு அலையறே?"

இந்த யோசனை கோமளாவுக்குச் சரியாகப் பட்டது. அவள் வம்சத்தில் எல்லோரும் அப்படித்தான் பிழைத்திருந்தார்கள். காலையிலேயே நடக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் ஓடைக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ரோஸ்லினும் அப்போதுதான் குளித்துவிட்டுச் சேறு பூசிக்கொண்டு வந்தாள்.

ஓடைக்கரையில் பீர்க்கடை வைத்திருந்தவர் மருதையா என்கிற மரநாய். ராத்திரியில் பனை ஏறிக் கள்ளுமுட்டியைக் காலி செய்கிற பரம்பரை அவருடையது. மூன்று தலைமுறை குடித்ததில் அனுபவம் சேர்ந்து, நான்காவது தலைமுறையில் தொழிலாகிவிட்டது. எல்லாம் அவருடைய கைப்பக்குவம். அதற்குக் கிராஃப்ட் பீர் என்று பேர் வைத்து, ஆறு சின்னச் சுரைக்குடுக்கைகளில் ஆறு வகை ஊற்றி வரிசையாக வைப்பார். குடிப்பதற்குமுன் ஒவ்வொன்றையும் விளக்குவார். விளக்கம் முடியாமல் குடுக்கையைத் தொடவிட மாட்டார்.

"இது கேழ்வரகும் நாவல்பழமும். வாயில வச்சதும் பழம் தெரியும். கொஞ்ச நேரத்துல ஈரமண்ணு தெரியும். கடைசியா, தொண்டைக்குக் கீழ, லேசா புகை தெரியும்."

கோமளா ஒரு வாய் குடித்தாள். பழம் தெரிந்தது. மண் தெரிந்தது. பிறகு புகையும் தெரிந்தது. குடுக்கையைக் கீழே வைத்துவிட்டு மூக்கைத் தூக்கி நாலு திசையும் மோந்தாள்.

"ரோஸ்லினு, எங்கேயோ தீப்பிடிச்சிருக்கு."

"உன் வாய்க்குள்ளதான் அக்கா. அது பீரு."

"பீர் எதுக்கு எரியணும்?"

மருதையா முகம் சுளித்தார். இந்தம்மாவுக்கு ருசி பழகவில்லை என்று ரோஸ்லினிடம் சொன்னார். "எனக்கு ஆறுலயும் பீர்தாங்க தெரியுது," என்ற ரோஸ்லின் தன்னுடைய ஆறையும் முடித்துவிட்டு, அக்காவுடைய மீதி ஐந்தையும் முடித்துவிட்டு, இலுப்பைப்பூ வகையில் இன்னொரு குடம் வாங்கினாள்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பர்கர் கடை. வாசலில் சுவர் உயரத்துக்கு ஒரு கரும்பலகை. அதில் சாக்பீஸால் நாற்பத்திரண்டு வகை பர்கர் எழுதியிருந்தது. பரிமாறுகிறவர் குமரேசன் என்கிற கீரி. ஒன்பது வருஷ அனுபவம். ஒரே ஆளாகப் பதினொரு மேஜையையும் பார்ப்பார். ஒரு மேஜையில் அவர் வால் மறைவதற்குள் அடுத்த மேஜையில் மூக்கு தெரியும்.

கோமளாவுக்கு உயரம் போதவில்லை. ரோஸ்லின் அவளை மூக்கால் நெம்பிக் கவுண்டர்மேல் ஏற்றி வைத்தாள். "குமரேசண்ணே, ரெண்டு பர்கர்!" என்றாள். குமரேசன் ஒரு டோக்கனை நீட்டினார். வட்டமாக ஒரு சாமான். பர்கர் தயாரானதும் அது நடுங்கும், சிவப்பு விளக்கு எரியும். அப்போது போய் வாங்கிக்கொள்ளவேண்டும்.

"நீ வச்சிரு அக்கா. நான் கொஞ்சம் கண்ணை மூடறேன்," என்ற ரோஸ்லின் பக்கத்து மேஜைக்கடியில் சரிந்தாள். படுப்பதற்கு முன்பே குறட்டை வந்துவிட்டது.

டோக்கனை எங்கே வைப்பது? ஆமைக்குப் பையில்லை. தொலைத்தால் என்ன சொல்வார்களோ என்று கழுத்தடியில் ஓட்டுக்குள் செருகிக்கொண்டாள். கவுண்டரில் ஒரு கீரையிலை உதிர்ந்து கிடந்தது. சும்மா இருக்கப் பயமாக இருந்ததால் அதை மென்றுகொண்டிருந்தாள்.

அப்போது டோக்கன் நடுங்கியது.

பூகம்பம் என்றே நினைத்தாள். அதுவும் தன் வீட்டுக்குள். பயந்தால் ஆமை என்ன செய்யுமோ அதைச் செய்தாள். தலை, நாலு கால், வால், எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் உள்ளே இழுத்துக்கொண்டாள். இலையில் பாதி மட்டும் வெளியே நின்றுவிட்டது.

சமையலறையிலிருந்து யாரோ இரண்டு பர்கரைக் கவுண்டரில் தள்ளினார்கள். ஒன்று கோமளாவுக்கு இந்தப்பக்கம், ஒன்று அந்தப்பக்கம். குமரேசன் திரும்பிப் பார்த்தார். கவுண்டரில் மூன்று இருந்தன. மூன்றும் வட்டம், மூன்றும் பழுப்பு. நடுவில் இருந்தது மட்டும் கொஞ்சம் அழகு: மேலே நட்சத்திரம் நட்சத்திரமாக வறுத்த கோடு, கீழே தட்டையாக ஒரு ரொட்டி, நடுவில் எட்டிப் பார்க்கும் பச்சைக் கீரை. பன்றியம்மா கேட்டது இரண்டு. அப்படியென்றால் மூன்றாவது, அரைமணி நேரமாகக் கத்திக்கொண்டிருக்கும் ஏழாம் மேஜையுடையது.

இரண்டை ரோஸ்லின் வாயருகில் வைத்தார். கண்ணைத் திறக்காமலே அவள் விழுங்கிவிட்டுப் புரண்டு படுத்தாள். மூன்றாவதைத் தட்டில் வைத்து ஏழாம் மேஜைக்குக் கொண்டுபோனார்.

ஏழாம் மேஜையில் இருந்தவர்கள் ஒரு கழுதைப்புலிக் குடும்பம். சுகுணாவும் அவள் வீட்டுக்காரர் தனபாலும். கழுதைப்புலிக்கு எலும்பு என்றால் அப்பளம். ஓடு என்றால் கொஞ்சம் தடித்த அப்பளம்.

"நான் கேட்டது ஈசல் பர்கர். இது என்னய்யா?" என்றாள் சுகுணா.

"ஈசல் மழை பெஞ்சாத்தாங்க வரும், மேடம்."

"அப்புறம் ஏன் எழுதி வச்சிருக்கே?"

"எழுதினது போன மழையிலங்க."

"நண்டு?"

"இப்பத்தாங்க தீர்ந்துச்சு."

"காளான்?"

"காளான் மாஸ்டர் லீவுங்க."

"முட்டை?"

"முட்டை இருக்குங்க, ரொட்டி இல்ல."

"அப்ப வெறும் முட்டையைக் கொடு."

"ரொட்டி இல்லாம முட்டை தர்றதில்லீங்க."

சுகுணா தட்டை நகத்தால் தட்டினாள். கோமளாவின் தலைக்குமேல் இடி இடித்தது. "அப்ப இது?"

"இது இருக்குங்க," என்றார் குமரேசன்.

"விடும்மா, இருக்கிறதைத் தின்போம். பசி கண்ணை மறைக்குது," என்றார் தனபால். ஆனாலும் உடனே தின்னவில்லை. அவர் எதைத் தின்றாலும் முதலில் போனில் படம் பிடித்து நாலு காட்டுக்கும் அனுப்பிவிட்டுத்தான் தின்பார். அனுப்பாமல் தின்றது உடம்பில் ஒட்டாது என்பது அவர் கட்சி.

உள்ளே கோமளாவுக்கு மூச்சே இல்லை. எழுபத்தைந்து வருஷமாக ஆபத்து வந்தால் தலையை இழுத்துக்கொள்வாள், ஆபத்து போய்விடும். இன்றைக்குத் தலையை இழுத்ததுதான் ஆபத்தே. வெளியே நீட்டலாமா? நீட்டினால், உயிரோடு இருக்கிறது, புத்தம் புதுசு என்று சந்தோஷப்படுவார்கள். சிநேகிதியின் குறட்டை கேட்டது. அவளால் உதவி இல்லை. பயத்தில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பலகை நிறைய எழுதியிருக்கிறது, கேட்டதில் ஒன்றுகூட இல்லை. எழுதாதது ஒன்றே ஒன்று இருக்கிறது. அது நான்.

அப்போது தனபால் கேட்டார், "ஏம்ப்பா, இதுக்குப் பேர் என்ன? பேர் போடாம எப்படி அனுப்பறது?"

குமரேசன் தலையைச் சொறிந்தார்.

"ஆமை பர்கருங்க," என்றது பர்கர்.

யாரும் திடுக்கிடவில்லை. நரியும் காக்கையும் பேசுகிற காட்டில் பர்கர் பேசினால் என்ன என்று விட்டிருப்பார்கள்.

"குமரேசன் தம்பி," என்றாள் கோமளா உள்ளேயிருந்து. குரல் நடுங்கியதற்கு டோக்கனும் ஒரு காரணம். "பலகையில எழுதிடுங்க. சாருக்குப் பேரும் கிடைக்கும், படத்துல பலகையும் விழும்."

"நல்ல பர்கரா இருக்கே!" என்றார் தனபால்.

குமரேசன் எக்கி நின்று, நாற்பத்துமூன்று என்று போட்டு, ஆமை பர்கர் என்று எழுதினார்.

"சும்மா படம் எடுத்தா யாரு பார்ப்பா? வாய்விட்டு ஆர்டர் பண்ணுங்க, வீடியோவா எடுக்கறேன்," என்று சுகுணா போனை வாங்கிக்கொண்டாள். தனபால் மீசையை நீவிக்கொண்டு, முதுகுமயிரைச் சிலிர்த்துக்கொண்டு சொன்னார்:

"வணக்கம் மக்களே! தம்பி, நமக்கு ஒரு ஆமை பர்கர்!"

"அது இல்லீங்க சார்," என்றார் குமரேசன்.

யோசித்துச் சொன்னதில்லை. ஒன்பது வருஷம் பழகிய நாக்கு, பலகையில் இருக்கும் ஒரு பேரைக் கேட்டதும் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னபிறகு குமரேசனே அதை நம்பினார். இல்லாத ஒன்று மேஜையில் இருப்பது கடைக்கு மரியாதையில்லை என்று தட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்துவிட்டார்.

"யோவ்! என் கண்ணு முன்னாலதான இருந்துச்சு!"

"இப்பத்தாங்க தீர்ந்துச்சு."

"அங்க தட்டுல இருக்கே, அது என்ன?"

"அதுதாங்க இல்லைன்னு சொல்றேன்."

"இல்லைன்னா இல்லைதான். சின்னப்புள்ளை மாதிரி அடம் பிடிக்காதீங்க," என்று சுகுணா வீட்டுக்காரரை அடக்கினாள். குமரேசனைப் பார்த்தாள். "முடிவா சொல்லு. இருக்கிறது என்ன?"

குமரேசன் கடையைச் சுற்றிலும் பார்த்தார். அவர் கண், மேஜைக்கடியில் வயிறு தெரிய மல்லாந்து கிடந்த ரோஸ்லின்மேல் போய் நின்றது. எல்லோர் கண்ணும் அங்கே போய் நின்றது.

கோமளா பிறந்ததிலிருந்து கத்தியதே இல்லை. அன்றைக்குத் தலையைக் கழுத்தோடு வெளியே நீட்டிக் கத்தினாள். "பன்றின்னு எழுதுய்யா! சீக்கிரம் எழுது!"

குமரேசன் எழுதினார். சுகுணா கேட்டாள். குமரேசன் இல்லை என்றார். ரோஸ்லின் ஏப்பம் விட்டாள்.

மற்ற மேஜைகளுக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. தடதடவென்று நாற்காலிகள் விழுந்தன. மானும் முயலும் முள்ளம்பன்றியும் பலகைக்கு ஓடின. "வரிசையில வாங்க, வரிசையில வாங்க!" என்றார் குமரேசன். முயல் நடுவில் புகுந்தது. "எனக்குப் பின்னால வந்துட்டு என்ன அவசரம்?" என்று மான் அதைக் காலால் தள்ளியது. மயில், தன் பேரைக் கொஞ்சம் பெரிதாக எழுதி ஓரத்தில் பூப்போடச் சொன்னது. காட்டுக்கோழி நின்று நின்று முன்னால் வந்து சேர்ந்தபோது, "நீங்க ஒன்பதாவதுல ஏற்கெனவே இருக்கீங்களே," என்றார் குமரேசன். "இத்தனை வருஷமா இங்க பயந்து பயந்து சாப்பிட்டேனே!" என்று அது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

எல்லோரையும் எழுதி முடித்து நிமிர்ந்த குமரேசன், சுகுணா தன்னையே பார்ப்பதைக் கவனித்தார். சட்டென்று திரும்பி, கீரி என்று எழுதினார்.

சுகுணா பலகையை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாள். எழுபத்தொரு பேர். பிறகு மெதுவாக வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"என்னம்மா அப்படிப் பார்க்கறே?" என்றார் தனபால்.

"ஒண்ணுமில்ல. பசிக்குது."

தனபால் ஒரே தாவலில் குமரேசன் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கினார். இடமில்லாததால் பலகையின் சட்டத்தில் எழுதினார். அவசரத்தில் எழுத்து கோணல்மாணலாக வந்தது.

"கழுதைப்புலி பர்கர் இருக்கா?" என்று கேட்டாள் சுகுணா.

"அது இல்லீங்க மேடம்."

"என்ன கடையோ! எந்திரிங்க, போகலாம்."

ரோஸ்லின் விழித்து, பர்கர் எப்போது வரும் என்று கேட்டாள். கோமளா முதலில் டோக்கனைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்ததற்குச் சாட்சியாக மானைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள்.

அத்தோடு அவள் விட்டுவிடவில்லை. சாக்பீஸ் மழையில் அழியும் என்ற கவலை வந்தது. மறுநாளே கிளம்பினாள். காட்டில் மொத்தம் ஒன்பது கடை. நடந்து முடிக்க இரண்டு வருஷம் ஆனது. ஒவ்வொரு கடையிலும் தன் பேரையும் ரோஸ்லின் பேரையும் பெயின்டில் எழுதச் சொல்லி, படிக்கத் தெரிந்த வேறொருவரை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தாள். அப்போதும் தூக்கம் வரவில்லை. கடைக்கும் கடைக்கும் நடுவில் இருக்கும் பாதைக்கு என்ன செய்வது?

கடைசியில் கடைப்பலகை எழுதிய பெயின்டர் ஒருவரிடமே முதுகைக் காட்டி, ஓட்டின்மேல் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டாள்: இன்றைய ஸ்பெஷல் – ஆமை பர்கர்.

இப்போது அவள் நடுப்பாதையில்தான் நடக்கிறாள். பசியோடு எதிரே வருகிற சிறுத்தை நின்று படிக்கும். நாக்கைச் சப்புக்கொட்டும். "எங்கே கிடைக்கப்போகுது!" என்று பெருமூச்சு விட்டுவிட்டு ஒதுங்கிப் போய்விடும்.

நீதி: உலகத்தில் இருப்பதைத்தான் தின்கிறார்கள். ஆகவே புத்தியுள்ளவர்கள் பலகையில் மட்டும் இருந்துகொள்ளவும்.