ஓட்டை இல்லாத டிவி

“இதுல ஓட்டையே இல்ல!”

டிவிக்கும் சுவருக்கும் நடுவே தலையை நுழைத்திருந்தான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கையில் டார்ச். மறு கையில் காலையில்தான் வாங்கி வந்த புது ஹெட்போன்.

“நல்லாப் பாருங்க. ஓட்டை இல்லாமலா டிவி செய்வான்?” என்றாள் மனைவி.

“ஓட்டைக்கு என்ன குறைச்சல், வரிசையா இருக்கு. இந்த ஹெட்போனுக்குத்தான் ஒண்ணுகூட இல்ல.”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஃபிரிட்ஜ் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. பின்னறையில் உட்கார்ந்தபடியே போனில் பேச வேண்டும். பின்னறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் மாமனார். காது மந்தம். மத்தியானத் தொடரை டிவியின் முழுத் தொண்டையில் வைத்துத்தான் பார்ப்பார். போனில் யாரோ ஒருவர் “ஐஸே கட்ட மாட்டேங்குதுங்க” என்று அழும்போது, பின்னால் டிவியில் ஒரு பெண் “என் பிள்ளையைக் கொடுத்துடு!” என்று அதைவிடப் பெரிதாக அழுவாள்.

நேற்று சாயங்காலம் சூப்பர்வைசர் கூப்பிட்டிருந்தார். வார்த்தையை எண்ணிப் பேசுகிற மனிதர்.

“உங்க வீட்டுல அந்த டிவி தினமும் ஓடுமா?”

“அது வந்து... எப்பவாவதுதான் சார்.”

“சரி. நாளைக்கு மேனேஜர் உங்க லைன்லயே இருந்து கேக்கப்போறார்.”

அவ்வளவுதான், வைத்துவிட்டார். எத்தனையோ வாசல் ஏறி இறங்கிக் கிடைத்த வேலை. நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குகிற வேலைதான். இருந்தாலும் அது அவளே சம்பாதித்த திட்டு. அதை இழக்க அவளுக்கு மனமில்லை.

“பத்து மாடி லிஃப்டையே ஏத்தி இறக்குறவன் நான். இதெல்லாம் சுண்டைக்காய்” என்று டிவிக்குப் பின்னாலிருந்து ஆறுதல் சொன்னான் மெக்கானிக்.

சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஓட்டைகள் அவன் கண்ணில் பட்டன. கடைக்கு ஓடி, அதற்கேற்ற வயரை வாங்கி வந்து மாட்டினான். அப்பாவின் தலையில் ஹெட்போனைக் கவிழ்த்தான்.

“கேக்குதாப்பா?”

“முன்னாடி டிவி மட்டுமாவது கேட்டுச்சு. இப்ப அதுவும் இல்லடா” என்றார் பெரியவர்.

மறுபடி கடை. கடைக்காரர் சிரிக்காமல் இருக்க ரொம்பவே பாடுபட்டார்.

“சார், அந்த ஓட்டை சத்தம் உள்ள போறதுக்கு. வெளிய வர்றதுக்கு இல்ல.”

“ரெண்டும் ஒரே வழிதானே?”

“உங்க லிஃப்டுல வேணா அப்படி. டிவியில வேற வேற.”

சத்தத்தை வெளியே எடுக்கிற தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்றை அவன் தலையில் கட்டினார். அதை மாட்டியதும் ஹெட்போனில் சத்தம் வந்தது. டிவியிலும் வந்தது. டிவியின் வாயை அடைக்க ரிமோட்டை எடுத்து அமுக்கினான். திரையில் வந்த செட்டிங்ஸ் பக்கம் முழுக்கப் புழுப்புழுவாக ஏதோ ஒரு நாட்டு எழுத்துக்கு மாறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக அமுக்கியதில், எந்தப் புண்ணியமோ, டிவி ஊமையானது. ஹெட்போன் மட்டும் பேசியது.

“பார்த்தியா!” என்று மார்தட்டிக்கொண்டான். மனைவி நிம்மதியாகப் பின்னறைக்குள் போனாள். தொடர் ஆரம்பித்தது.

காதை அடைத்துக்கொண்டவனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. காது மந்தமானவர் காதை அடைத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

“அடியே! அந்தப் பாலைக் குடிக்காத! விஷம்டி, விஷம்!” என்று பெரியவர் போட்ட கூச்சலில் பிளைவுட் தடுப்பே அதிர்ந்தது.

மனைவி பின்னறையிலிருந்து பாய்ந்து வந்தாள்.

“ஏங்க, ஒரு அம்மா ஃபிரிட்ஜுல வச்ச பால் திரிஞ்சு போகுதுன்னு சொல்லிட்டு இருக்காங்க. நடுவுல இவர் விஷம்னு கத்துறார். அந்தம்மா ஃபிரிட்ஜையே தூக்கிட்டுப் போயிடுங்கன்னு அழுவுறாங்க!”

“மேனேஜர் கேட்டுட்டாரா?”

“இன்னும் லைனுக்கு வரல. இப்ப வந்துடுவார். ஏதாவது செய்ங்க!”

மெக்கானிக் ஹெட்போனைப் பிடுங்கினான். பெரியவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“கதை தெரியாம நான் எப்படிடா உக்காந்திருப்பேன்?”

காதருகே போய்ச் சொல்லலாமென்றால், அவர் காதில் விழுகிற மாதிரி சொன்னால் தெருவுக்கே கேட்கும். வேறு வழியில்லை. ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டு, டிவிக்குப் பக்கத்தில் நின்று, கேட்டதையெல்லாம் சத்தமில்லாமல் நடித்துக் காட்டத் தொடங்கினான்.

மாமியாராக இடுப்பில் கைவைத்து முறைத்தான். மருமகளாக மூக்கைச் சிந்தினான். டாக்டராக வந்து தன் கையைத் தானே பிடித்து நாடி பார்த்து, உதட்டைப் பிதுக்கினான். மயக்கம் போட வேண்டிய கட்டத்தில் சத்தம் வராமலிருக்கத் தலையணையைப் போட்டு அதன்மேல் விழுந்தான். பெரியவர் டிவியைப் பார்ப்பதை விட்டு மகனையே பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இத்தனை வருஷத்தில் மகனை இவ்வளவு ஆசையாக அவர் பார்த்ததே இல்லை.

வீடு அப்படியே அடங்கிக் கிடந்தது. தடுப்புக்கு அப்பால் மனைவியின் குரல் மட்டும் தெளிவாக, மரியாதையாக, தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வியர்வையில் குளித்துக்கொண்டே மெக்கானிக் இரண்டாவது தடவை மயங்கி விழுந்தான். வேலை தப்பித்தது என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது மனைவி வெளியே வந்தாள். கையில் போன்.

“சூப்பர்வைசர்” என்று உதட்டை மட்டும் அசைத்தாள். தனியாகக் கேட்கத் தைரியமில்லாமல் ஸ்பீக்கரில் போட்டாள். தரையில் கிடந்த மெக்கானிக் எழுந்திருக்கக்கூடத் தோன்றாமல் காதைத் தீட்டிக்கொண்டான்.

“சார், வீட்டுல சின்னச் சத்தம்கூட இல்லாமப் பார்த்துக்கிட்டோம் சார்” என்றாள் அவள் முந்திக்கொண்டு.

“அதைத்தாம்மா கேக்குறேன். ஆபீஸ்ல நாங்க எல்லாரும் உங்க லைன்லதானே தினமும் தொடர் கேக்குறோம்? இன்னிக்கு மேனேஜரையும் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருக்கேன், டிவியை எதுக்கு அணைச்சீங்க?”