ரைட்டர் மனுவேல் எஸ்.எஸ்.எல்.சி.

ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் பேரேடு எழுதும் ரைட்டராக இருக்கும் மனுவேல் பத்தாவது பாஸ். அப்படிச் சொன்னவர் மனுவேல். அதை முதலில் நம்பினவரும் மனுவேல்தான். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, காப்பி டம்ளரை வாங்கின கையோடு அவிழ்த்துவிட்ட அந்தப் பொய்யைப் பதினைந்து வருசமாக எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். ரேஷன் கார்டில் பேர் சேர்க்கணுமா, தாசில்தாருக்கு மனு எழுதணுமா, ஊரே அவரிடம்தான் வரும். 'படிச்ச மனுசன்' என்று யாராவது சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார். ஊர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டது.

இந்தப் பிழைப்பில் மண்ணைப் போட ஒரு ஃபாரம் வந்து சேர்ந்தது.

மகள் ஜோஸ்லின் அரசுப் பள்ளியில் எட்டாவது. கணக்கில் புலி. அது யார் பக்கத்து ரத்தம் என்று மனுவேல் ஊரெல்லாம் சொல்லி வந்ததை இங்கே திருப்பிச் சொல்லி நாம் பாவத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். கீழே சேலத்தில் அரசாங்கமே நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்று. தங்க இடம், மூன்று வேளைச் சோறு, நல்ல படிப்பு, எல்லாம் இலவசம். ஆனால் பரீட்சை வைத்துத்தான் எடுப்பார்கள். ஜோஸ்லின் எழுதித் தேறிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் ஃபாரத்தை நேரில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

மனுவேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபாரத்தை வாசித்தார். மூன்றாவது கட்டத்தில் நின்றார். 'தந்தையின் கல்வித் தகுதி. சான்று இணைக்கவும்.' அதற்கு மேல் அவருக்குக் கண் தெரியவில்லை. ஊர் ஃபாரத்தையெல்லாம் வரி விடாமல் படிக்கும் ரைட்டர், சொந்த ஃபாரத்தைப் பின்பக்கம் திருப்பிக்கூடப் பார்க்காமல் மடித்து வைத்தார். இந்த வருசம் இது வேண்டாம் என்று முடிவும் எடுத்தார். எல்லாம் மகள் மேலுள்ள அக்கறைதான்.

"ஏம்மா செல்வி, சேலத்து வெயிலு புள்ளைக்கு ஒத்துக்குமா?"

மனைவி லூர்துசெல்வி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "ஒத்துக்காதுங்க."

இவ்வளவு சுலபமா என்று மனுவேலுக்கே சந்தேகம். "ஹாஸ்டல் சோறு?"

"வாயில வெக்க முடியாதாமுங்க."

"அப்ப அடுத்த வருசம் பாத்துக்கலாமா?"

"பாத்துக்கலாமுங்க. உங்க சர்ட்டிபிகேட்ட மட்டும் எடுத்துக் குடுங்க. அடுத்த வருசத்துக்கு ஆகும்."

மனுவேல் ஜன்னலைப் பார்த்தார். "அதக் கொரங்கு தூக்கிட்டுப் போயிருச்சே."

"எப்பங்க?"

"போன மழைக்கு. சன்னல் வழியா வந்துச்சு."

"வாழத்தார உட்டுப்போட்டு சர்ட்டிபிகேட்டையா தூக்குச்சு?"

"படிச்ச கொரங்கு போலிருக்குது."

"இருக்குமுங்க," என்றாள் செல்வி. "பத்தாவது பாஸாயிருக்கும்."

அடுத்த நாள் அவளே வழியும் சொன்னாள். "புள்ள அழுதுட்டே இருக்குதுங்க. பேருக்கு ஒருக்காப் போயிக் குடுத்துட்டு வந்துருங்க. சர்ட்டிபிகேட் இல்லீன்னு அவங்களே தள்ளிட்டாங்கன்னா, நம்ம மேல பழி வராதுங்கள்ல?"

மனுவேலுக்கு அதைவிட நல்ல யோசனை தோன்றியது. சேலத்தில் இறங்குவது. ஒரு பிரியாணி. அப்புறம் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் வரை காற்று வாங்குவது. வீட்டுக்கு வந்து, 'கவுண்டரைச் சாத்திட்டாங்க' என்று கையை விரிப்பது. மானமும் போகாது, வயிறும் நிறையும்.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறும்போது பார்த்தால், இஸ்திரி போட்ட யூனிபாரத்தில் ஜோஸ்லின் நிற்கிறாள். கையில், ஃபாரத்தை வைத்து ஒட்டிய கவர்.

"அவளும் கையெழுத்துப் போடோணுமாமுங்க. கூட்டிட்டுப் போங்க," என்றாள் செல்வி. பிரியாணி அங்கேயே ஆறிப்போனது.

ஐந்தாவது வளைவிலேயே வாந்தியெடுக்கும் பிள்ளை, அன்றைக்கு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, கவரை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, எனக்கு எடம் கெடச்சிருமாங்கப்பா?"

"ஏன் கண்ணு?"

"வேற அப்பாவெல்லாம் வெவரம் தெரியாம நிப்பாங்க. நீங்க படிச்சவரு. அதான் பயமில்ல."

இந்தப் பிள்ளையையா ஏமாற்றப் பார்த்தோம் என்று மனுவேலுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கடைசி வளைவு தாண்டும்போது முடிவெடுத்துவிட்டார். உண்மையைச் சொல்லிவிடுவது. ஆனால் காதோடு காதாக.

பள்ளிக்கூடத்துக்குப் போனால் வரிசை. பின்னாலேயே நாகலூர் மளிகைக்கடை பழனிசாமி, தன் மகள் நந்தினியோடு. "ரைட்டரே, நீங்க எழுதறதப் பாத்து எழுதிக்குவனுங்க," என்று ஒட்டிக்கொண்டார்.

மனுவேல் கவுண்டர் ஜன்னலுக்குள் தலையை நுழைத்தார். "மேடம், தகப்பன் படிப்பு பத்தி ஒரு சின்ன விசயமுங்க..."

உள்ளே இருந்த அம்மாள் அதற்குள் ஜோஸ்லின் நீட்டிய கவரைக் கிழித்துவிட்டார். பெயர் கூப்பிடும் மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது. அணைக்கவில்லை.

"சான்று இருக்குதுங்க சார். மூணு மார்க் ஷீட்டு. மூணு தடவையும் ஃபெயில். கணக்கு இருபத்திரெண்டு, பதினேழு, பதினாலு. லேமினேசன்கூடப் போட்டிருக்கீங்க."

கூடம் முழுக்கக் கேட்டது. ஏற்காட்டு மலையே போட்டி போட முடியாத இறக்கம் அது.

"ஃபெயிலுக்கு ஆதாரம் யாருமே கொண்டுவர்றதில்லீங்க. நீங்க ஒருத்தர்தான்."

"எதுக்குங்க ஆதாரம்?"

"பின்பக்கம் படிக்கலீங்களா? பெத்தவங்க ரெண்டு பேருமே பத்தாவது பாஸாகாத புள்ளைங்களுக்குத்தான் முதல்ல எடம். அம்மா எட்டாவது, நீங்க இப்படி. பாப்பாவுக்கு எடம் உறுதி."

ஜோஸ்லின் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். பின்னால் பழனிசாமி தலையில் கை வைத்தார். "எங்கப்பன் என்னை அடிச்சு அடிச்சுப் பாஸ் பண்ண வெச்சுப்போட்டாருங்களே."

பஸ் நாகலூர் ஏறுமுன்னே பழனிசாமியின் போன் சேதியை ஏற்றிவிட்டது. இறங்கின இடத்திலிருந்து வீடு வரைக்கும் எல்லாரும் மரியாதையாக வழி விட்டார்கள்.

"அந்த மார்க் ஷீட்டெல்லாம் எங்க கெடச்சுது உனக்கு?" என்றார் மனுவேல், செல்வியிடம்.

"கண்ணாலமாகி வந்த வாரமே உங்க ட்ரங்குப் பொட்டியிலங்க. மழையில நனஞ்சிருமேன்னு லேமினேசன் போட்டு வெச்சேன். ஃபாரத்துப் பின்பக்கத்தப் படிச்சதும் கவருக்குள்ள வெச்சு ஒட்டிட்டேன்."

"பதினஞ்சு வருசமா ஒரு வார்த்த கேக்கலையே."

"பத்தாவது பாஸுன்னு நாலு பேர்த்துகிட்டச் சொல்றப்ப உங்க மொகம் நொம்ப நல்லா இருக்குமுங்க. அதக் கெடுப்பானேன்னு உட்டுட்டேன்."

மனுவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. இதோடு வாயை மூடியிருந்தால் அவர் மனுவேல் இல்லை. "பாத்தியா செல்வி, நான் ஃபெயிலானதுக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்குது. அந்தக் காலத்துலயே புள்ளைய நெனச்சுத்தான்..."

"ஆமாங்க," என்று செல்வி இரண்டு ஃபாரங்களை மேசையில் வைத்தாள். "எடம் கெடச்சிருச்சு. இனி உங்க ஃபெயிலுக்கு வேலை இல்லீங்க. பத்தாவது தனித்தேர்வு. உங்களுக்கொன்னு, எனக்கொன்னு. புள்ள ஹாஸ்டலுக்குப் போறதுக்குள்ள நமக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போவா. கையெழுத்துப் போடுங்க."

மனுவேல் மெல்லத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

"அதச் சாத்திட்டனுங்க," என்றாள் செல்வி. "கொரங்கு வராது."